மூன்று டம்ளரும் ஒரு சாக்கும்

அத்தியாயம் 5

குற்றவாளியின் கண் தடயத்தின் பக்கமே ஓடும் என்பது புகழ்வேந்தனின் தொழில் விதிகளில் முதலாவது. அதை அவன் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வில்லியனூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காத ஒரு நாள், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே தானாக யோசித்துக் கண்டுபிடித்தது. ஆகவே செலியமேட்டில், நாகராஜனின் மோட்டார் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த இன்னாசிமுத்துவின் கண்கள், வேப்ப மரத்தடியில் ஈரத்துணி மூடிக் கிடந்த ஒரு கூடையின் பக்கமே போய்ப் போய் வருவதைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று ஆகிவிட்டது. கேஸ் முடிந்தது என்றே நினைத்தான்.

அவனுக்குக் கேஸ் முடிவது அபூர்வம். சொல்லப்போனால் கிடைப்பதே அபூர்வம். வில்லியனூரில் ஒரு செல்போன் கடை மாடியில் 'வேந்தன் அகில இந்தியத் துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்கும். அகில இந்தியம் என்பதில் பொய் கிடையாது. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிக்க அவன் மாதம் ஒரு முறையாவது கடலூர் போவான். புதுச்சேரிக்காரனுக்குக் கடலூர் வேறு மாநிலம். மாப்பிள்ளை குடிப்பாரா என்று டீக்கடையில் கேட்டுவிட்டு வருவதற்குப் பெயர் துப்பறிதல் என்றால் ஊரில் பாதிப் பேர் துப்பறிவாளர்கள்தான் சார் என்று அவன் உதவியாளர் ரோஸ்லின் சொல்வாள். அவள் கெமிஸ்ட்ரி படித்தவள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிச் சேர்ந்தாள். கிடைக்கவில்லை, அவனுடைய அதிர்ஷ்டம்.

இந்த முறை நிஜமாகவே ஒரு குற்றம். நாகராஜன் செலியமேட்டில் பெரிய நிலக்காரர். அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த நாற்றங்கால் முழுக்க, நுனி கருகி, வைக்கோல் நிறத்துக்கு வந்து சாய்ந்துவிட்டது. விதை விட்டதிலிருந்து மழையே பார்த்துக்கொண்டதால், பக்கத்திலிருந்த பத்தாயிரம் லிட்டர் சிமெண்டுத் தொட்டியை யாரும் தொடவில்லை. மழை விட்டதும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நாற்று செத்தது. நாகராஜன் தொட்டித் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். கடல் தண்ணீருக்குத் தம்பி போலக் கரித்தது. போர் தண்ணீர் இளநீர் மாதிரி என்று ஊரே சாட்சி சொல்லும். அப்படியென்றால் யாரோ உப்பைக் கொட்டியிருக்கிறார்கள்.

யாரோ என்ன, இன்னாசிமுத்துதான் என்பது நாகராஜனின் முடிவு. அவருடைய நிலத்தில் ஒரு காணியைக் குத்தகைக்கு உழுகிறவர், மோட்டார் கொட்டகைச் சாவியை வைத்திருந்தவர், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டவர், எல்லாம் அவர்தான். போன மாதம் மடை விஷயமாக இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. போதாக்குறைக்கு இன்று காலை கொட்டகைப் பக்கம் வந்த நாகராஜன், இன்னாசிமுத்து ஒரு வாளி உப்புத் தண்ணீரோடு நிற்பதைப் பார்த்துவிட்டார். அந்த வாளியில் ஒரு கோழிமுட்டை மிதந்துகொண்டிருந்தது. சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கையோடு வில்லியனூருக்கு போன் போட்டுவிட்டார். நிரூபித்துக் கொடுத்தால் பாகூர் ஸ்டேஷனில் புகார், காணியும் கை மாறும். இன்னாசிமுத்துவுக்கு அந்தக் காணியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"விதை நெல்லு பாக்கறதுக்குக் கரைச்சது மொதலாளி" என்று மட்டும் இன்னாசிமுத்து சொன்னார்.

"முட்டை மெதக்கிற அளவுக்கு உப்பு போட்டு, நெல்லைக் கொட்டிப் பதரை அரிக்கிறது எனக்கும் தெரியும்" என்றார் நாகராஜன், புகழ்வேந்தன் பக்கம் திரும்பி. "அதெல்லாம் ஒரு சாக்கு, தம்பி. ஒரு வாளிய வெதைக்குன்னு காட்டிட்டு மத்த வாளியத் தொட்டில ஊத்திக்கிறான்."

சாக்கு என்று சொன்ன கையோடு, உட்காருங்கள் என்று கொட்டகைக்குள்ளிருந்து மடித்த வெள்ளைச் சாக்கு ஒன்றையும் எடுத்து வந்து தொட்டித் திட்டில் போட்டார். புகழ்வேந்தன் தன் பையை, தொட்டி விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு புதுப் பிளாஸ்டிக் குழாயில் மாட்டிவிட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். துப்பறிகிறவன் உட்காரும் தோரணையிலேயே பாதி கேஸ் முடிந்துவிட வேண்டும் என்பது இரண்டாவது விதி.

வழி சொன்னவள் ரோஸ்லின்தான். வாளியில் எவ்வளவு உப்பு, தொட்டியில் எவ்வளவு உப்பு, இரண்டும் தெரிந்துவிட்டால் இந்த வாளியால் அந்தத் தொட்டியைக் கெடுக்க எத்தனை நடை நடந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். அவளிடம் பேனா மாதிரி ஒரு மீட்டர் இருந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர்கள் வைத்திருப்பது. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று எண் காட்டும். தொட்டியில் முக்கினாள், ஐயாயிரம் என்றது. வாளியில் முக்கினாள், எண் வராமல் கோடு கோடாகக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பத்தாயிரத்துக்கு மேல இதுக்கு எண்ணத் தெரியாது சார். உங்கள மாதிரிதான். நாம கேள்வியச் சின்னதாக்கிக் குடுக்கணும்."

சின்னதாக்குவது என்றால் கலக்குவது. நாகராஜனின் மகள் அர்ச்சனா வீட்டிலிருந்து மூன்று எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கலக்குவதற்கு, வரும் வழியில் பேட்டரிக் கடையில் வாங்கிய, உப்பே இல்லாத தண்ணீர். மற்ற தண்ணீரில் அதற்கென்று கொஞ்சம் உப்பு இருக்கும், கணக்கு கெட்டுவிடும் என்று ரோஸ்லின் பிடிவாதம் பிடித்து வாங்கியது. அளக்க, புகழ்வேந்தனின் இருமல் மருந்துப் பாட்டில் மூடி. முதல் டம்ளரில் வாளித் தண்ணீரை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒரு மூடி இரண்டாவது டம்ளருக்குப் போனது. அதோடு பேட்டரித் தண்ணீர் ஒன்பது மூடி. புகழ்வேந்தன் பத்தாவது மூடியையும் ஊற்றப் போனான்.

"பத்துல ஒரு பங்காக்கணும்னா பத்து மூடி ஊத்த வேணாமா?"

"ஒண்ணும் ஒம்பதும் பத்து சார். நீங்க பத்து ஊத்துனா பதினொண்ணு ஆயிடும். இது இன்னா கல்யாணப் பந்தியா, ஒரு கரண்டி சேத்துப் போட?"

இரண்டாவது டம்ளரிலும் மீட்டர் கோடு காட்டியது. அதிலிருந்து ஒரு மூடி, பேட்டரித் தண்ணீர் ஒன்பது மூடி, மூன்றாவது டம்ளர். இந்த முறை எண் வந்தது. ஆயிரத்து ஐந்நூறு.

ரோஸ்லின் நாற்றங்காலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள். போகும்போது, கணக்கைத் தான் வந்து போடுவதாகவும் அதுவரை கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னாள். அப்படிச் சொன்னதுதான் தப்பு. முதலாளி யார் என்று புகழ்வேந்தனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. வரப்பு மேல் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க நின்றிருந்தார்கள். டீக்கடையில் விசாரிக்கும்போது யாரும் இப்படி நின்று பார்த்ததில்லை.

எதிரே மூன்று டம்ளர். டம்ளருக்குப் பத்து மடங்கு. பத்து, நூறு, ஆயிரம் என்று விரல் விட்டான். ஆயிரத்து ஐந்நூறுக்கு மூன்று சைபர் சேர்த்தால் பதினைந்து லட்சம் மில்லிகிராம். அதாவது லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. வாளி பதினைந்து லிட்டர்; ஆக வாளியில் இருபத்திரண்டரைக் கிலோ. தொட்டியில் லிட்டருக்கு ஐந்து கிராம், பத்தாயிரம் லிட்டருக்கு ஐம்பது கிலோ. இரண்டு வாளியும் மூன்றாவதில் ஒரு கால் வாளியும் போதும். கணக்கு இவ்வளவு அழகாக உட்கார்ந்ததைப் பார்த்து அவனுக்கே கண் கலங்கியது. பள்ளிக்கூடத்தில் தன்னைப் பெயிலாக்கிய கணக்கு வாத்தியார் இப்போது வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தான்.

எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வரப்புக்கும் கேட்கும்படி அறிவித்தான். இரண்டே நடையில் முடிகிற வேலை. ஒற்றை ஆள் சத்தமில்லாமல் செய்துவிடலாம். இன்னாசிமுத்துவின் பார்வை அடிக்கடி கூடைப் பக்கம் போவதைத் தான் வந்ததிலிருந்து கவனித்து வருவதாகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டான். சொல்லிவிட்டுத் திரும்பவும் சாக்கின் மேல் உட்கார்ந்தான்.

நாகராஜன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். வரப்பில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இன்னாசிமுத்து கூடையை மட்டும் ஒரு தரம் பார்த்துவிட்டு வரட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். அங்கே என்ன என்றான் புகழ்வேந்தன். விதை நெல் என்றார். அசையாதே என்று நாகராஜன் ஒரு அதட்டல் போட்டார். மாட்டிக்கொண்ட பிறகும் விதை நெல்லைப் பற்றிப் பேசுகிறானே, என்ன அழுத்தம் என்று புகழ்வேந்தன் மனசுக்குள் வியந்துகொண்டான்.

ரோஸ்லின் திரும்பி வந்தபோது நாகராஜன் ஸ்டேஷனில் யாராவது எடுப்பார்கள் என்று போனைக் காதில் வைத்துக் காத்திருந்தார். வரப்பில் நின்ற ஒருவர் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் டம்ளர்களைப் பார்த்தாள், புகழ்வேந்தனைப் பார்த்தாள்.

"போனை வைங்கய்யா, ஒரு நிமிஷம். சார், வாளியில தண்ணி எவ்ளோ?"

"பதினஞ்சு லிட்டர்."

"உப்பு?"

"இருபத்திரண்டரைக் கிலோ" என்றான் கம்பீரமாக.

"தண்ணிய விட உப்பு ஜாஸ்தி. அப்ப அது வாளித் தண்ணி இல்ல சார், உப்பு மூட்டை. எவ்ளோதான் கலக்குனாலும் லிட்டருக்கு அரைக்கிலோ கூடக் கரையாது, மீதி அடியில தங்கிடும். கையை விட்டுப் பாருங்க."

புகழ்வேந்தன் எழுந்து போய், முழுக்கைச் சட்டையை மடக்கிக்கொண்டு வாளிக்குள் கையை விட்டான். முட்டை அவன் முழங்கையில் வந்து இடித்தது. அடியில் ஒரு கல் உப்பு கூட இல்லை. வழவழவென்று பிளாஸ்டிக்தான் தட்டுப்பட்டது.

"எத்தனை தடவ கலக்குனோம்?" என்றாள் ரோஸ்லின்.

"மூணு டம்ளர்..."

"டம்ளர் மூணு. கலக்குனது ரெண்டு தடவ. மொத டம்ளர்ல இருக்கறது வாளித் தண்ணியேதான், அதுல நாம இன்னா கலந்தோம்? ரெண்டு பத்து, நூறுதான். நீங்க ஒரு சைபரைச் சும்மா தூக்கி அவர் தலையில வச்சிருக்கீங்க."

ஒரு சைபர். புகழ்வேந்தன் கணக்கைத் திரும்பப் போட்டான். லிட்டருக்கு நூற்றைம்பது கிராம். வாளிக்கு இரண்டே கால் கிலோ. முட்டை மிதக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். தொட்டியைக் கெடுக்க இருபத்திரண்டு வாளிக்கு மேல் சுமக்க வேண்டும். கணக்கு வாத்தியார் வந்து பார்க்காததே நல்லது என்று இப்போது தோன்றியது. ஒரு மனுஷனை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் தள்ளிவிட்டிருந்தோமே என்று நினைத்தபோது, வாளிக்குள் இருந்த கையை வெளியே எடுக்கவும் கூச்சமாக இருந்தது.

நாகராஜன் போனை இறக்கினாரே தவிர விடவில்லை. இருபத்திரண்டு நடை நடந்தால் ஆகாதா என்றார். பகையிருந்தால் நடப்பான் என்றார்.

ரோஸ்லின் இன்னாசிமுத்துவின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்களுக்கு இதுல இன்னா போச்சு?"

காலையிலிருந்து அவரிடம் எத்தனையோ கேள்வி கேட்டாயிற்று. இதை யாரும் கேட்கவில்லை.

"கெழக்கால இருக்கிற பாத்தி பூரா என் காணிக்கு விட்ட நாத்துதாம்மா. அதுவும் போச்சு. திரும்ப விதைக்கலாம்னுதான் காலையில உப்பு கரைச்சேன்."

நாகராஜன் நாற்றங்கால் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிழக்குப் பாத்தி யாருடையது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். நினைக்கவில்லை, அவ்வளவுதான். தன் நாற்றைத் தானே கொல்லுவானா ஒருத்தன் என்கிற கேள்வியை அகில இந்திய நிலையமும் நினைக்கவில்லை என்பதைப் புகழ்வேந்தன் இங்கே பதிவு செய்துகொண்டான்.

"அப்ப அம்பது கிலோ உப்பு எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார் நாகராஜன், குரல் இறங்கி.

அதற்குள் புகழ்வேந்தன், யோசிப்பதற்கு வசதியாக, முதுகுக்குப் பின்னால் கை கட்டிக்கொண்டு உலாவத் தொடங்கியிருந்தான். மூன்றாவது விதி. ரோஸ்லின் அவனைப் பின்னாலிருந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், திரும்பாதீங்க. உங்க பேண்ட்ல பின்பக்கம் இன்னா வெள்ளையா?"

தடவிப் பார்த்தான். பொடிப்பொடியாக இருந்தது. தயங்கித் தயங்கி விரலை நாக்கில் வைத்தான். கரித்தது. வரப்பில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ரோஸ்லின் திட்டில் கிடந்த சாக்கை எடுத்து மடிப்பைப் பிரித்தாள். உள்பக்கமாக மடிந்திருந்த எழுத்து வெளியே வந்தது. உப்பு, இருபத்தைந்து கிலோ.

"உள்ள இன்னொண்ணும் இருக்குமேய்யா?" என்றாள்.

இருந்தது. நாகராஜன் கொட்டகையைத் திறந்து, மோட்டாருக்கு மேல் மூடியிருந்த அதன் ஜோடியைத் தானே கொண்டுவந்து போட்டார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்கிற முகம்தான் அவருக்கு. போர் தண்ணீர் குடிக்க இளநீர், ஆனால் சோப்பு நுரைக்காது. அர்ச்சனாவுக்கு முடி கொட்டுகிறது என்று மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் ஒரு மிஷின் மாட்டினார்கள். தண்ணீரின் கடினத்தைப் போக்கி மென்மையாக்கும் மிஷின். அதற்கு உப்புத்தான் தீனி. மிஷின் தினமும் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்படி ப்ளம்பர் வைத்துவிட்டுப் போனான். மிஷின் தின்கிற உப்பு மிஷினோடு, அதற்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்றார்.

"தின்னா சரிங்கய்யா. கழுவுற தண்ணி எங்க போவுது?"

"வீணாக்கக் கூடாதுன்னு நான்தான் பைப்பு போடச் சொன்னேன். குடிக்கிற தண்ணி மிஷின் வச்சிருக்கவங்க எல்லாம் கழிவுத் தண்ணியச் செடிக்குத்தானே விடறாங்க? அதே மாதிரிதான். அதுல இன்னா வந்துடப் போவுது?" சொல்லிக்கொண்டே, அவளைப் பொய்யாக்கிக் காட்டிவிடுகிற வேகத்தில், வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "அர்ச்சனா, மிஷின்ல கழுவுற பட்டன அமுக்கும்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நாகராஜன் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு தொட்டி விளிம்பிலிருந்த புதுக் குழாய் இரண்டு முறை கொப்பளித்தது. அதில் மாட்டியிருந்த பையின் மேல் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அது அகில இந்தியத் துப்பறியும் நிலையத்தின் பை. அதற்குள் விசிட்டிங் கார்டு, இருமல் மருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த தயிர்சாதம். ரோஸ்லின் கொட்டுகிற தண்ணீரில் மீட்டரை நீட்டினாள். எண் வரவில்லை. கோடு கோடாகக் காட்டியது.

"உக்காந்தது தடயத்து மேல, பையை மாட்டுனது இன்னொரு தடயத்துல" என்றாள் ரோஸ்லின். "நீங்க கேஸை விட்டு எழுந்தாத்தான் சார் கேஸ் வெளிய வருது."

புகழ்வேந்தன் இன்னாசிமுத்துவிடம் போனான். நாலு வரியாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போனவனுக்கு, "அண்ணே, ஒரு சைபர் தப்பாப் போயிடுச்சு" என்றுதான் வாயில் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் கூடையைப் பார்த்தார்.

இப்போதுதான் புகழ்வேந்தனும் அந்தக் கூடையை ஒழுங்காகப் பார்த்தான். துணியை விலக்கினான். உப்புத் தண்ணீரில் அரித்தெடுத்த விதை நெல், கழுவாமல், காலையிலிருந்து அப்படியே கிடந்தது. உப்போடு இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் அதுவும் முளைக்காது. அந்த மனுஷன் கண் ஓடியது இதற்குத்தான். முதலாவது விதியை அந்த இடத்திலேயே ரத்து செய்தான்.

நாகராஜன் தொட்டியையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்த மோட்டார் சாவியை எடுத்து இன்னாசிமுத்துவிடம் நீட்டினார்.

"இந்தா இன்னாசி. வச்சுக்க. நீயே பாத்துக்க."

இன்னாசிமுத்து கையை நீட்டவில்லை. கோபமாகவும் இல்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார். "சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும் மொதலாளி. நாளைக்குத் திரும்பத் தண்ணி கரிச்சா, யாருன்னு தேட வேணாம் பாருங்க."

வரப்பில் நின்ற யாரும் இப்போது இருமவில்லை. நாகராஜன் நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். பிறகு அவரே கொட்டகைக்குள் போய் மோட்டாரைப் போட்டார். தொட்டிக்குப் போகிற பைப்பைத் தானே திருப்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடைக்கு மேல் பிடித்தார். இன்னாசிமுத்து குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் நெல்லை அளைந்தார். தண்ணீர் வடிந்தது. மறுபடியும் பிடித்தார், மறுபடியும் வடிந்தது.

போதுமா என்று நாகராஜன் கேட்டார். இன்னாசிமுத்து இரண்டு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார்.

"இன்னும் கரிக்கிது. புடிங்க" என்றார்.

நாகராஜன் குனிந்து பிடித்தார். எத்தனை தடவை ஆயிற்று என்று புகழ்வேந்தனுக்கு ஒரு கணக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ரோஸ்லின் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, பையிலிருந்த தயிர்சாதத்தைத் திறந்து ஒரு கவளம் சாப்பிட்டான். யாருக்கும் உப்புப் போடுகிற வேலை மிச்சமில்லாமல் கரித்தது. முழுசையும் சாப்பிட்டு முடித்தான்.